ஆவி பறக்காத சூப்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் ஒரு சீனத் தம்பதி சிறிய உணவகம் நடத்துகிறார்கள். கணவர் சமைப்பார், மனைவி பரிமாறுவார். அரிசி நூடுல்ஸ் எங்கள் இடியப்பம் போலத்தான் இருக்கும் என்று நம்பி, போன மாதம் என் கணவரோடும் நான்கு வயது மகளோடும் போனேன்.

பெரிய கிண்ணத்தில் சூப் வந்தது. மேலே எண்ணெய் படர்ந்திருந்தது, ஆவியே இல்லை. பக்கத்துத் தட்டில் நூடுல்ஸும் மெல்லியதாகச் சீவிய பச்சைக் கோழி இறைச்சியும் இருந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இஞ்ச பாருங்கோ, இறைச்சி பச்சையாக் கிடக்கு. சூப்பும் ஆறிப்போச்சு," என்றேன்.

"ஆறினது நல்லதுதானே. பிள்ளைக்குப் பசிக்குது, குடுமப்பா," என்றார் கணவர்.

கரண்டி நிறைய அள்ளி மகளின் வாயருகே கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் ஓடிவந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். சூப் மேசையில் சிந்தியது. நான் திகைத்துப்போனேன். அவர் ஒரு பச்சை இறைச்சித் துண்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அது வெளுத்துச் சுருண்டு வெந்தது.

எண்ணெய்தான் சூட்டை உள்ளே மூடி வைத்திருக்கிறது என்றும், இறைச்சியை நாங்களே அதில் போட்டு வேகவைக்க வேண்டும் என்றும் டேனிஷில் சொன்னார்.

இப்போது வீட்டுக் குழம்பைக்கூட என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. அன்று அந்தத் துண்டு வெந்து முடிந்த பிறகும், என் மகள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள்.