இருபது நிமிடப் போட்டி

ஞாயிறு காலை 10.20-க்கு என் மகள் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். அது பில்லியர்ட்ஸ் மாதிரி மேசையில் குச்சியால் பந்தை அடித்து ஆடும் பூல்; நாக்அவுட் போட்டி. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கோயம்புத்தூர் வரை போய் இருபதே நிமிடம்!

பெயர் கொடுத்தது நான்தான். திருப்பூரில் தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி ஆட்களோடு வாராவாரம் அவள் ஆடும் லீக் எனக்கு வெட்டிவேலையாகத் தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் லீக் கேப்டனிடம், "இனி அவ வரமாட்டா" என்றும் சொல்லியிருந்தேன்.

வீடு திரும்பியவள், "இனிக் குச்சியத் தொடமாட்டேன், போதுமாம்மா?" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் சாப்பிடவில்லை.

அவள் தோற்றதைக் கேள்விப்பட்டு ஐந்து மணிக்கு லீக் கேப்டன் வந்தார். அவள் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் அவர். "அவ வரமாட்டான்னு நீங்க சொன்னதை நான் நம்பலீங்க" என்றவர், அறைக்கதவைத் தட்டினார்.

"கண்ணு, லீக்ல தோத்தாலும் அடுத்த வாரம் ஆடியே ஆகோணும். நீ வராட்டி நாங்க யாரைத் திட்டறது? வெளிய வா."