கொண்டல் திரும்பும் நேரம்

முதலில் எங்கள் தெரு இருந்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை ஒட்டி ரசாயனக் கம்பெனிகள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்மதிலுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே, குடிகாட்டைத் தாண்டி, எங்கள் தெரு. ஆற்றுக்கு அப்பால் மணல்மேடு, அதற்கும் அப்பால் கடல். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசினால் கம்பெனி எங்கள் வீட்டுக்குள் வரும். கிழக்கேயிருந்து கொண்டல் வீசினால் கடல் வரும். கோடையில் காலை முழுவதும் கச்சான்தான். மதியச் சோறு முடிந்து சற்று நேரத்தில் தென்னங்கீற்று அசையாமல் நிற்கும். பிறகு கொண்டல் திரும்பும்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எல்லா ஊரிலும் காற்றுக்கு வாசனை உண்டு என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் அழுகிய முட்டை, ஒரு நாள் நெயில் பாலிஷ், ஒரு நாள் தீக்குச்சி. விடியற்காலையில் புகை ஆற்றின்மேல் தாழ்ந்து படிந்து, வெயில் ஏற ஏற ஊதாவாகிக் கரையும். கரையோரம் மஞ்சள் நுரை, யாரோ பூவைக் கொட்டிவிட்டுப் போனதுபோல ஒதுங்கிக் கிடக்கும். அதை அள்ளப் போனால் மட்டும் அப்பா அதட்டுவார். அவர் அந்த ஆற்றில்தான் வலை வீசிக்கொண்டிருந்தார்.

வாசனைகளில் எனக்குப் பிடித்தது பலாப்பழ வாசனை. அப்பாவுக்கு ஆகவே ஆகாதது அதுதான். மற்ற நாற்றமெல்லாம் மூக்கோடு போய்விடும். இனிப்பு வாசனை வந்தால் அத்தைக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அப்பாவைப் பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அந்த வாசனை வந்ததும் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே பூனைக்குட்டி கத்துவதுபோல அவள் மூச்சு கேட்கும்.

எங்கள் தெருவில் பெண் எடுக்க யாரும் அவ்வளவு சுலபத்தில் வரமாட்டார்கள். ஊர் பேரைச் சொன்னாலே மூக்கைத் தொடுவார்கள். அதனால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் தெரு முழுக்கச் சாம்பிராணி போடுவார்கள். நேரம் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு காற்றையும் பார்ப்பார்கள்.

அத்தைக்கு வரனைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை. மாமா வெள்ளிக்கிழமை காலை என்று குறித்துக்கொண்டு வந்தார். அப்பா தலையை ஆட்டினார்.

"காலையில வேணாம் மாப்ள. சோறு தின்னுட்டுப் பொறப்படச் சொல்லு."

"நல்ல நேரம் காலையிலதான் மச்சான் இருக்கு."

"காத்து திரும்புனப்பறம் எல்லாம் நல்ல நேரந்தான்."

மாமா போய்ச் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா தன் வீட்டுப் பஞ்சாங்கத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை, அப்பா வலையை உதறிக்கொண்டிருந்தபோதே தெருமுனையில் வேன் வந்து நின்றுவிட்டது.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் எனக்குக் கனவுபோலத்தான் நினைவிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெள்ளைப் புகை எழுந்தது. கொட்டாங்கச்சியில் நெருப்பை ஏந்திக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வாசல் ஓடினார்கள். அந்தப் புகைக்குள்ளிருந்து பட்டுப்புடவைகள் மெல்ல நடந்து வந்தன. யாருக்கும் முகம் இல்லை. அப்பா மட்டும் தென்னையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கீற்றுகள் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

விருந்தாளிகள் பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மூச்சை நன்றாக இழுத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"என்னா மணம். பலாப்பழம் வாங்கி வெச்சிருக்கீங்களா?"

வீட்டில் பலாப்பழம் இல்லை. ஒரு சுளைகூட இல்லை. அம்மாதான் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. பண்ருட்டிப் பழம். நீங்க போறப்ப தரலாம்னு இருந்தோம்."

மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போவதுபோலப் போய், சைக்கிளை எடுத்துக்கொண்டு மறைந்தார்.

நான் அடுக்களைக்கு ஓடினேன். அத்தை காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நீலப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். கண் சிவந்திருந்தது. ஈரத் துண்டை வாயிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு தட்டைத் தூக்கினாள். ஆற்றில் முங்குவதற்கு முன் இப்படித்தான் கன்னத்தை உப்புவாள். விளையாட்டு என்று நினைத்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் நடந்த நடை தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. ஒவ்வொருவர் முன்பும் குனிந்தாள். மாப்பிள்ளை காப்பியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர் அம்மா விடவில்லை.

"எதுவரைக்கும்மா படிச்ச?"

அத்தை சிரித்தாள்.

"சொல்லும்மா. வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?"

அத்தை இன்னும் சிரித்தாள். கழுத்து நரம்பு துடித்தது. எனக்கு அதற்குள் மூச்சு முட்டி வாய் திறந்துவிட்டது. பத்தாவது என்று நானே சொல்லப் போனேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அத்தை தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்து, அதே நடையில் உள்ளே போனாள். பின்னாலேயே அம்மாவும் போனாள். அடுத்த நிமிடம் அடுக்களையில் தட்டு, குண்டான், சொம்பு என்று ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டன. அம்மாதான் போட்டாள். இருமல் வெளியே கேட்கக்கூடாது.

மாப்பிள்ளையின் அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தக் காலத்துல இவ்ளோ வெக்கப்படுற பொண்ணா? எங்க வூட்டுக்கு இதான் வேணும். நான் ஒருத்தி பேசுறதே ஜாஸ்தி."

பேசி முடித்துவிட்டார்கள். அப்பா வேன் வரைக்கும் கூடவே நடந்தார். வேன் புறப்படும் நேரத்தில் மாமா வியர்க்க வியர்க்க வந்து, சைக்கிள் கேரியரிலிருந்த முழுப் பலாவை அவிழ்த்து மாப்பிள்ளையின் மடியில் வைத்தார். அது காய். நாலைந்து நாள் கழித்து அறுத்தபோதும் மணக்கவில்லையாம். வீட்டில் அப்படி மணந்த பழம் எப்படி இப்படிச் சப்பென்று போயிற்று என்று அந்த அம்மாள் கல்யாணத்தன்றுகூட என் அம்மாவிடம் கேட்டார். வேன் மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் கொண்டல் திரும்பியது.

ஆவணியில் கல்யாணம். அரைப் பரீட்சை லீவுக்கு என்னைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மாடி வீட்டில் ஒற்றை அறை. ஜன்னலில் தூரத்துக் கோபுரத்தின் நுனி மட்டும் தெரியும். காற்று வந்தது, அதில் எதுவுமே இல்லை. எனக்கு அது காற்றாகவே படவில்லை. அத்தை மாடிப்படியில் மேலும் கீழுமாக ஓடினாள். பேசிக்கொண்டே இருந்தாள். மாமியார் முறைக்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தாள். கல்யாணம் ஆனால் இருமல் போய்விடும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வருடம் அத்தை முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். எங்கள் பக்கத்தில் அதை யாரும் யோசிப்பதுகூட இல்லை. வளையல் போட்டதும் அழைத்து வந்துவிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் தட்டு வரிசையோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்கள். பக்கத்து வீட்டில் என்னை விட்டுப் போயிருந்தார்கள். நான் எங்கள் வீட்டுக்கு வந்து மூலையைக் கூட்டினேன். பாயை வெயிலில் போட்டேன். அம்மாவின் பழைய புடவையை எடுத்து, முக்காலியில் ஏறி, உத்தரத்தில் தூளி கட்டினேன். முடிச்சு கோணலாகத்தான் விழுந்தது.

சாயங்காலம் இருவரும் தனியாக இறங்கி வந்தார்கள். அத்தை வரவில்லை.

தெருப் பெண்கள் வாசலிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். மாமியார் விடவில்லையா என்று கேட்டார்கள். அவர் அனுப்பத்தான் இருந்தார், பெட்டிகூடக் கட்டியாயிற்று, இவர்தான் அங்கேயே இருக்கட்டும் என்று சம்பந்தியின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார் என்றாள் அம்மா. யாருக்கோ பொறுக்கவில்லை.

"தலப்புள்ளக்கிக் கூடப் பொறந்த வூட்டுக்குக் கூப்புடாதவன் என்னா அண்ணன்?"

அது அப்பாவின் காதில் விழுந்தது. உள்ளே வந்தார், தூளியைப் பார்த்தார். ஒரு கையால் அதை மெல்ல ஆட்டிவிட்டு, பிறகு முடிச்சை அவிழ்த்து, புடவையை நாலாக மடித்து அம்மாவிடம் கொடுத்தார். நான் அழுதேன். அத்தைமேல் உனக்குப் பாசமே இல்லை என்று கத்தினேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்தார். அங்கேயே தூங்கிப்போயிருக்கிறேன்.

சிதம்பரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அப்பா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், ஒருமுறையும் ஊருக்கு அழைக்கவில்லை. கைக்குழந்தையைக் கொண்டுவரக்கூடாத வீடு என்று அவர் தீர்மானித்த அதே வீட்டில், அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில், வேறு போக்கிடம் இல்லாமல் நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.