பூங்கோதை சீவிய லிங்க்

பிசிறு கண்ணில் பட்டால் பூங்கோதைக்குக் கை சும்மா இருக்காது. விருத்தாசலத்தில் கோதண்டபாணியின் செராமிக் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பீங்கான் விளக்குகளின் ஓரத்தைச் சீவிச் சீவியே நாற்பதைத் தாண்டியவள். இட்லிக்கும் ஓரம் கிள்ளிவிட்டுத்தான் தின்பாள் என்று கணவர் திருமால் கேலி செய்வார். இந்த வருஷம்தான் அங்கிருந்து விலகி, வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக விளக்கு வார்க்கத் தொடங்கியிருந்தாள். கார்த்திகைக்கு ஓர் ஆர்டராவது வராவிட்டால் மறுபடி அவரிடமே போய் நிற்க வேண்டும். அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

சேலத்து வியாபாரி ஒருவர் போனில் பிடிகொடுத்தார். "உங்க கடை லிங்க் அனுப்புங்கம்மா. எங்க மேனேஜர் அதுல இருக்கிற நம்பருக்கே கூப்பிட்டு ஆர்டர் சொல்லிடுவாரு."

கூகுளில் ஊர்ப்பேர், விளக்கு, தன் பெயர் என்று தமிழில் தட்டித் தேடினாள். செல்போன் கடை இனியா கூகுளில் ஏற்றிக் கொடுத்திருந்த அவள் கடை படத்தோடு வந்தது. அந்தப் பக்கத்தின் லிங்கை எடுத்தால், அம்மாடி, சதவீதக் குறியும் எண்ணுமாகத் திரை கொள்ளவில்லை.

"என்னாங்க இது, வாலு இம்மாம் நீளம்?" என்றாள் திருமாலிடம்.

கை பரபரத்தது. வாலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழித்தாள். அழித்துவிட்டுத் திறந்து பார்த்தாள். திறந்தது. தன் கடைதான் முதலில் நின்றது. திருப்தியாக அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கோதண்டபாணி கூப்பிட்டார். "ஏம்மா பூங்கோத, சேலத்துலேருந்து பெரிய ஆர்டர் வந்திருக்குது. நீ அனுப்புன லிங்க்னு சொன்னாங்க. ரொம்ப நல்லாருப்ப. பிசிறு சீவ ஆளில்ல, வரியா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் போனில் தன் கடை; சேலத்தில் எப்படி அவர் கடை? இனியாவிடம் ஓடினாள்.

இனியா பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். "அக்கா, தமிழ்ல தேடுனா லிங்க்ல எழுத்தெல்லாம் இப்டித்தான் குறியா மாறிடும். கடைசியா இருந்தது உங்க பேரு. அத சீவிட்டீங்க. இப்ப வெறும் ஊரையும் விளக்கையும்தான் தேடுது. அடிக்கடி உங்க கடையவே பாக்குறதால உங்க போன்ல நீங்க முன்னாடி வருவீங்க, அவங்க போன்ல பெரிய கடைதான் வரும்."

"என் பேரா? அதுல ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லியே!"

"லிங்க சுருக்கிக் குடுக்கத் தனி சைட்டே இருக்குதுக்கா. அது எதையும் வெட்டாது. முழு லிங்கையும் உள்ள வச்சிக்கிட்டு வெளிய சின்னதா ஒண்ணு குடுக்கும்."

வெட்டாமல் எப்படிச் சின்னதாகும்? அவளுக்கு அதுவும் விளங்கவில்லை. அழுகைதான் வந்தது.

சேலத்து வியாபாரியைக் கூப்பிட்டால், முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றார். மறுநாள் கோதண்டபாணி பட்டறையில், சேலத்துக்குப் போகிற விளக்குகளின் முன்னால் உட்கார்ந்தாள். கத்தி வைக்கும் முன் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள்.