ஆறாவது டேனிஷ் சொல்

எனக்குத் தெரிந்த டேனிஷ் மொத்தம் ஆறு சொல். அதில் ஐந்து பாண் வகைகளின் பெயர். ஆறாவதை நம்பி ஒரு நண்பனைத் தொலைத்த மடையன் நான்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த நானும் அந்த நண்பனும் பிரிந்தோம். அவன் நோர்வே போனான். நான் ரொறன்ரோ வந்து, டென்மார்க்காரக் கிழவர் ஒருவரின் பேக்கரியில் தட்டுக் கழுவினேன். நான் எதையாவது உளறினால் கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் 'கிறீன' வைக்காதே, மா கெட்டுவிடும்" என்பார். கிறீன என்றால் சிரிப்பது. ஒரு சொல் பிடிபட்டால் மொழியே பிடிபட்டதாக நினைக்கிற ஆள் நான்.

எண்பத்தாறு குளிரில் அவனுடைய கடிதம் வந்தது. புதிதாகப் படித்த நோர்வேச் சொல் ஒன்றைத் தமிழ் எழுத்தில் செருகுவது அவன் வழக்கம். இந்த முறை இப்படி: "பின்னேரம் அறைக்கு வந்து, கதவைப் பூட்டிப்போட்டுத் தனியக் கிறீன பண்ணுறன். ஒருத்தருக்கும் சொல்லாதை."

சொல்லாமல் இருப்பேனா? வோபர்ன் பகுதியில் என்னோடு வீடு பகிர்ந்த நாலு பேருக்கும் உரக்க வாசித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். உடனே பதில் போட்டேன்: "மச்சான், தனியச் சிரிக்கிறதுக்கு எங்கடை ஊரிலை வேறை பேர். டொக்டரிட்டைக் காட்டு."

அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. இன்னும் இரண்டு பகிடிக் கடிதம் போட்டுவிட்டுத் தபாற்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பனி கரைந்த பிறகு ஒருநாள் கதையைக் கிழவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கை மாவிலேயே நின்றது. நோர்வேயில் கிறீன என்றால் அழுவது என்றார். ஆதியில் அது பல் தெரிய முகத்தைக் கோணுவதை மட்டும்தான் குறித்ததாம். அந்தக் கோணலில் டென்மார்க்காரன் சிரிப்பைக் கண்டான், நோர்வேக்காரன் அழுகையைக் கண்டான். இங்கிலீஷின் 'கிரின்' கூட அதே வேர்தானாம். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் இளித்துக்கொண்டே நின்றேன். வாயை மூடத் தெரியவில்லை.

'அழுகிறேன்' என்று தமிழில் எழுத வெட்கப்பட்டு அவன் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறான். நான் கதவைத் திறந்து நாலு பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய விடுதிக்குப் போன் எடுத்தேன். வேர், பல், கோணல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். "சத்தியமா மச்சான், சொல்லுத்தான் பிழைச்சுப்போச்சு. நீ தமிழிலை எழுதியிருந்தால் நான் சிரிச்சிருப்பனோ?"

இரைச்சலுக்கு நடுவே அவன் சொன்னான்:

"ஓம், சிரிச்சிருப்பாய்."