ஆடி மாதத்தில் ஒரு பேய்ப்படம்

அம்சத்துக்கு அந்த ஒரு படம்தான் படம். புதுசாக எது வந்தாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் பேய்ப்படம் ஒன்று; கடலோரத்தில் பாழாய்க் கிடக்கும் ஓட்டலில் நடக்கிற கதை. அதைச் செல்போனில் வைத்துக்கொண்டு அலுக்காமல் பார்ப்பாள். இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. கேட்டால், "பேய்க்கு எதுக்குக்கா பாஷை?" என்பாள்.

தாராசுரம் போகும் சாலையில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர். கூட்டிப் பெருக்குவதும் சாவிக்கொத்தைக் காப்பதும் அம்சம். அவள் புருஷன் செல்லதுரை எங்கள் சமையல் மாஸ்டர். ஊரே பந்திக்கு வந்து நின்றாலும் பதறாத மனுஷன், பேய்ப்படம் என்றால் மட்டும் "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போய்விடுவார். அது பயம் என்பேன் நான். கொழுப்பு என்பாள் அம்சம்.

அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை அதுதான். "ஒரு தடவை என்கூட உக்காந்து பாக்கட்டுமே விஜயாக்கா. எனக்கு அதுல என்ன புடிச்சிருக்குன்னு கட்டின மனுஷனுக்குத் தெரிய வேணாமா?" என்று புலம்புவாள்.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் கிடையாது, மண்டபம் வெறிச்சோடிப் போனது. அம்சம் வந்து தலையைச் சொறிந்தாள். தாலி கட்டுவதைப் பின்வரிசைக்குக் காட்டுகிற பெரிய திரையில் அந்தப் படத்தை ஒரு தடவை போடலாமா என்றாள்.

"நல்ல காரியம் நடக்கற எடத்துல பேயா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்று கத்தினேன். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வந்து போட்டுத் தொலை" என்று கூப்பிட்டேன். செல்லதுரையிடம், "மாஸ்டர், இது மண்டப வேலை. பேசாம உக்காருங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படத்தைப் போட்டோம். பார்க்க நாங்கள் மூன்றே பேர். சும்மா சொல்லக்கூடாது, அருமையான படம். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. காலி வராந்தாவில் ஒரு கதவு மெல்லத் திறக்கும், அவ்வளவுதான். மாடிப்படியில் வெள்ளையாக ஏதோ இறங்கியபோது நான் அம்சத்தின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. செல்லதுரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சாப்பாட்டு மணி அடிக்கிறது. என்றைக்கோ ஒரு புயலில் செத்துப்போன விருந்தாளிகள் எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து நீள மேசையில் வரிசையாக உட்காருகிறார்கள். முன்னால் வெறும் தட்டு. பரிமாற ஒருவரும் வரவில்லை. அவர்கள் பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். அத்தோடு படம் முடிந்துவிட்டது.

விளக்கைப் போட்டேன். செல்லதுரை நாற்காலியை விட்டு அசையவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்சம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டப்போகிறார், இவள் அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"ஏன் அம்சம், இத்தனை பேர் செத்திருக்காங்க. அந்த ஓட்டல்ல சமையல்காரன் ஒருத்தன்கூடவா சாகல?" என்றார்.

அம்சத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்துவிட்டன. "அதாங்க! அதைத்தாங்க நான் இத்தனை வருஷமா நெனச்சு நெனச்சு மாஞ்சு போறேன். எல்லாரும் பேயைப் பாத்துப் பயப்படறாங்க. அதுங்க பசியோட உக்காந்திருக்குன்னு ஒருத்தருக்கும் தோணலையே!"

"பாவம்" என்றார் செல்லதுரை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி விடு. நம்ம காலம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் அங்க போயிடுவோம். நான் ஆக்கறேன், நீ பரிமாறு."

நான் ஜன்னலைத் திறக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஆவணி முகூர்த்தத்தையெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டு எங்க வேணாலும் போங்க" என்று சிடுசிடுத்தேன்.

அவர்கள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அம்சம் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை போடு அம்சம்" என்றார் செல்லதுரை.