திரையில் வந்த என் அப்பாவின் பெயர்

என் அஞ்சல்வழி பி.ஏ. படிப்பில் அன்று நாற்பத்தாறு நிமிடம்தான் மீதி இருந்தது. 2008 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை. கடைசிக் கட்டுரையை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கொடுத்த ஆறு வருட அவகாசமும் அன்றோடு முடிகிறது. அதுவரை தபாலில் அனுப்பியவன் நான். அந்த வருடம்தான் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது.

பத்தொன்பது வயதில் கல்லூரியை விட்டவன். வங்காளத்தின் கார்டன் ரீச் துறைமுகப் பகுதியில் கூலி வேலை பார்த்த என் அப்பா ஞானமுத்து இறந்ததால் குமாஸ்தா வேலைக்குப் போனேன். அவர் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர். “ஒரு டிகிரி வாங்கிடுடா” என்பது மட்டுமே அவர் என்னிடம் கேட்டது. நாற்பத்தாறு வருடம் கழித்து, நாற்பத்தாறு நிமிடத்தில் அது கைநழுவப் பார்த்தது.

டாலிகஞ்சில் ஒரு சைபர் கஃபே. ஏழு கம்ப்யூட்டர், அதில் நான்கு ஓடவில்லை. பக்கத்தில் என் மனைவி கிருபை. விண்ணப்பத்தில் முதலாவதாக உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் அடித்தால் உள்ளே போகலாம் என்று கடிதம் வந்திருந்தது. ‘சாமுவேல்’ என்று என் பெயரை அடித்தேன். தவறு என்றது. பன்னிரண்டு இலக்கத்தையும் எண்ணிச் சரிபார்த்து மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு.

“மேஷோமோஷாய், ஆர் ஏக்பார்!” என்று எச்சரித்தார் கடைக்கார வங்காளி அம்மா. பெரியவரே, இன்னும் ஒரே தடவைதான் என்று அர்த்தம். அதுவும் தவறினால் பூட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும்.

“எல்லாம் போச்சு” என்றேன்.

“போச்சுன்னு இதோட ஒம்பது தடவை சொல்லிட்டீங்க. ஒரு தடவை ஜெபம் பண்ணுங்களேன்” என்றாள் கிருபை.

நான் கடிகாரத்தைப் பார்த்து, தினம் பத்து நிமிடம் ஜெபிக்கிறவன். அன்று பார்க்கவில்லை. “ஆண்டவரே, எனக்குத் தெரிந்ததை அடித்துவிட்டேன். இனி நீர் காட்டும்.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அழுதுவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது, கிருபை என் பையிலிருந்த விண்ணப்ப நகலைப் பிரித்து வைத்திருந்தாள். ஆறு வருடமாக நான் சுமந்தும் ஒருநாளும் பிரிக்காத நகல்.

“ஏங்க, இதுல மொதல்ல மாமா பேருல்ல இருக்கு!”

மாமா என்றது என் அப்பாவை. நம் வழக்கப்படி நான் ஞா. சாமுவேல். இங்கே இனிஷியல் செல்லாது, விரித்து எழுதுங்கள் என்று பல்கலைக்கழக ஆபீசில் சொன்னார்கள். ‘ஞானமுத்து சாமுவேல்’ என்று எழுதிக் கொடுத்ததை மறந்தே போயிருந்தேன்.

அப்பாவின் பெயரை அடித்தேன். திரை வெளுத்தது. பிறகு எழுத்துகள் வந்தன: வருக, ஞானமுத்து.

பேனா பிடித்தறியாத மனிதரைப் பல்கலைக்கழகம் பெயர் சொல்லி வரவேற்றது. எழுந்து நின்றுவிட்டேன்.

“உக்காருங்க, இன்னும் அனுப்பலை” என்றாள் கிருபை.

நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கட்டுரை ஏறியது.

பட்டச் சான்றிதழிலும் அவர் பெயர்தான் முன்னால் இருக்கிறது. அப்பா கேட்டதைக் கர்த்தர் அப்பாவின் பெயரிலேயே கொடுத்தார். இப்போது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் முழங்காலிடுகிறேன். பிரியமானவர்களே, ஒரே ஒரு தடவைதான் மீதி என்ற நிலையில் நீங்கள் இருந்தால், அதைத் தொடுமுன் அவரிடம் கேளுங்கள். அவர் காட்டுவார். எனக்குக் காட்டினார்.