தங்கியிருப்பவர் என்ற கட்டம்

நான் சம்மதித்துக் கையெழுத்து வைத்தேன் என்று எங்கள் தோட்டத்து நலன்புரி அதிகாரி வெல்பெயார் ஐயா சொன்னது பொய். தெரியாமல் சொன்ன பொய்யும் அல்ல. இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே நான் சொன்ன பிறகும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க அதையே சொல்லித் திரிந்தார்.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிறது. பாதி தேயிலை, பாதி றப்பர். பத்தொன்பது வயதில் கொழுந்துச் சாக்கோடு மழையில் நனைந்த படியில் விழுந்து முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சி இல்லை. தோட்டத்தில் என் பேரை வெட்டினார்கள். இங்கே பேர் என்றால் வேலை. பேர் உள்ளவர்களுக்குத்தான் லயத்தில் காம்பரா, குடியிருக்க ஓர் அறை. அம்மாவுக்குப் பேர் இருந்தது, அதனால் நானும் இருந்தேன். போன வருடம் அம்மா செத்துப் போனார்.

இனி நான் கஹவத்தையில் இருக்கும் தம்பி வீட்டுக்குத்தான் போவேன் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். தம்பி நல்லவன். அவன் வீடு மேட்டில் இருக்கிறது, ஏற முப்பது படிக்கு மேல். அங்கே போனால் யாராவது தூக்கினால்தான் வெளிச்சத்தைப் பார்ப்பேன். அவன் மனைவிக்கு நேரம் கிடைக்கும்போதுதான் குளிப்பேன். வரமாட்டேன் என்று அவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இங்கே எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. வாசல் படியை இடித்து றப்பர் மரப் பலகையில் சரிவு போட்டோம். கேஸ் அடுப்பு என் முழங்கால் உயரத்துப் பலகையில் இருக்கிறது. கட்டிலுக்கு மேலே கூரை வளையில் ஒரு கயிறு, பிடித்து எழும்ப. பக்கத்துக் காம்பரா அக்கா கொழுந்து எடுப்பவர். காலையில் மலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் வந்து என்னைச் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டு, மூத்திரப் பையை மாற்றிவிட்டுப் போவார். வேலை முடிந்து வந்து தண்ணீர் பிடித்துத் தந்து குளிக்க உதவுவார். மீதி நேரம் என்னுடையது. நானே சமைக்கிறேன், நானே துணி துவைக்கிறேன். சாவி என் கழுத்தில் கிடக்கிறது.

இதற்குப் பதிலாக லயத்து ஆட்களின் கடுதாசி வேலை முழுவதையும் நான் செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட விண்ணப்பம், பொலிஸ் முறைப்பாடு, எல்லாம் சிங்களத்தில். என் சிங்களத்தைக் கேட்டு அரசாங்கக் கந்தோரில் இருப்பவர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட நான்தான் தமிழ் ஃபோம் ஒன்றில் விழுந்தேன்.

அம்மா செத்த பிறகு, எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் பிரதேச செயலகத்துக்காகத் தோட்ட ஒபிஸ் ஒரு ஃபோம் அனுப்பியது. மூன்று கட்டம். தொழிலாளி. ஓய்வு பெற்றவர். தங்கியிருப்பவர். நான் தொழிலாளியும் இல்லை, ஓய்வு பெற்றவளும் இல்லை. இங்கேதானே தங்கியிருக்கிறேன்? கடைசிக் கட்டத்தில் சரி போட்டேன். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் தம்பியின் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

கந்தோர்த் தமிழில் தங்கியிருப்பவர் என்றால் அடுத்தவர் சோற்றில் வாழ்கிறவர் என்று அர்த்தமாம். சிங்கள ஃபோமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் ‘யெபென்னா’, அண்டிப் பிழைப்பவர், என்று இருந்திருக்கும். பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. நான் தம்பியில் தங்கியிருப்பவள் என்று நானே அறிவித்துவிட்டேனாம். அதனால் அவனிடம் போகவும், மாத முடிவில் காம்பராவை ஒப்படைக்கவும் வேண்டுமாம். நான் வாசித்துக் காட்டியதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“ஊருக்கெல்லாம் ஃபோம் நெரப்புற, ஒன்னோடத நெரப்பத் தெரியல. நல்ல கிளாக்கர்டி நீ!”

வெல்பெயார் ஐயா கிளாக்கரோடு நேரில் வந்தார். லயத்து ஆட்கள் வாசலில் கூடினார்கள்.

“நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?” என்றார்.

“இங்க தங்கியிருக்கேன்னு எழுதினேன் ஐயா. தம்பி சோத்துல இருக்கேன்னு எழுதல.”

“ரெண்டும் ஒன்னுதான்.”

“அப்ப நீங்களும் கம்பெனி குவாட்டர்ஸ்ல தங்கித்தானே இருக்கீங்க? யாரு சோத்துல?”

வாசலில் சிரிப்பு வெடித்தது. கிளாக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது.”

“வாயில அடிபடலிங்க ஐயா.”

அப்போது அவர் ஒன்று சொன்னார். கீழ் லயத்தில் பேர் உள்ள இரண்டு குடும்பம் ஒரே காம்பராவில் நெருங்கிக் கிடக்கிறதாம். அது உண்மை. அவர்களுக்குக் காம்பரா கேட்டு விண்ணப்பம் எழுதியதே நான்தான். ஆனால் மேல் லயத்தில் இரண்டு காம்பரா கூரைத் தகரம் இல்லாமல் மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. தகரம் போடுவதைவிட என்னைக் கிளப்புவது சுலபம் என்று நினைத்துவிட்டார்.

அக்கா ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, முறையிட என்னோடு பிரதேச செயலகத்துக்கு ஆட்டோவில் வந்தார். அங்கே வாசலில் ஒன்பது படி, சரிவு கிடையாது. இரண்டு பேர் தூக்க வந்தார்கள். வேண்டாம், மேலே இருக்கும் அதிகாரி நோனாவை இறங்கி வரச் சொல்லுங்கள் என்றேன். அக்கா என் காதுக்குள், “அடியே, பெரிய எடம்டி” என்றார். பெரிய இடமென்றால் சரிவு கட்டியிருக்க வேண்டும்.

நோனா இறங்கி வந்தார். நல்ல மனுசி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சொன்ன முதல் வார்த்தை, “மிஸ், மம யெபென்னெக் நெமெய்.” நான் யாரிலும் தங்கி வாழ்கிறவள் இல்லை. பிறகு காலையில் எழும்புவதிலிருந்து கதவு பூட்டுவது வரை என் நாளை அப்படியே சொன்னேன். யார் எவ்வளவு நேரம் உதவுகிறார்கள், எது என் வேலை என்று ஒவ்வொன்றாக. புது ஃபோம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

அதிலும் அதே மூன்று கட்டம்தான். பேனாவை வாங்கி நாலாவதாக ஒரு கட்டம் கீறினேன். உதவியோடு தனியே வசிப்பவர் என்று இரண்டு மொழியிலும் எழுதிச் சரி போட்டேன். நோனா அதை வாசித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்து முத்திரை குத்தினார். தோட்டத்துக்குக் கடிதமும் போனது. என் காம்பரா என்னிடம் இருக்கிறது.

அதோடு நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் வெல்பெயார் ஐயா இப்போது, “பாவம், அழுதுச்சு, விட்டுட்டோம். சம்மதிச்சு எழுதிக் குடுத்தது அதுதான்” என்று சொல்லித் திரிகிறார். நான் அழவில்லை. அக்காவைக் கேளுங்கள், ஆட்டோக்காரரைக் கேளுங்கள்.

எங்கள் லயத்தில் இன்னும் இரண்டு பேர் அதே கட்டத்தில் சரி போட்டிருக்கிறார்கள். ஒருவர் கண் தெரியாமல் தனியாக இருப்பவர். மற்றவர் வாய் பேச வராத பெண், அண்ணன் கொழும்பில். அவர்களுடைய ஃபோமையும் நிரப்பியது என் கைதான். என் பிழையை நான் திருத்திவிட்டேன், நாலு கட்டத்தோடு புது ஃபோம் எழுதிக் கொடுத்தேன். அதை வெல்பெயார் ஐயா வாங்க மறுக்கிறார். பழையதே போதுமாம்.

போதாது. வெல்பெயார் ஐயா, காலையில் ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு வாருங்கள். நாங்கள் மூன்று பேரும் வருகிறோம், எங்களைக் கொண்டு வர ஆள் இருக்கிறது. எங்களில் யார், எந்த நாளில், காம்பராவை விட்டுப் போகச் சம்மதம் என்று உங்களிடம் சொன்னது? தோட்டமே கேட்க அங்கே நின்று பதில் சொல்லுங்கள்.